இடப்பக்க இருக்கை

தருமபுரம், காரைக்கால்
4 ஜூன் 2024

அன்புத் தம்பி ஆர்மானுக்கு,

அக்கா ரோசலியின் முத்தங்கள். மாதா புண்ணியத்தில் நானும் உன் அத்தானும் சுகமாக இருக்கிறோம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பஸ் ஓட்டுகிறவனுக்கு முழங்கால்தான் சோறு போடுகிறது. தைலம் தேய்க்காமல் இருந்துவிடாதே.

ஃபோன் இருக்கும்போது இவள் ஏன் தபால்தலை ஒட்டிக்கொண்டிருக்கிறாள் என்று நீ சிரிப்பது தெரிகிறது. பேசினால் உன் அத்தான் காது என் தோள்மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும். செய்தி அனுப்பலாம் என்றால், இப்போது எங்கள் ஃபோன் வருகிற செய்தியையெல்லாம் வாய்விட்டுப் படிக்கிறது. அவர்தான் அப்படி வைத்திருக்கிறார். நான் கேட்கப்போவதோ காரைப் பற்றி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் லாரி ஓட்டிய சொல்தா வீட்டில், பெண்டாட்டி தம்பிக்கு எழுதிக் கார் பாடம் கேட்கிறாள் என்று தெரிந்தால் எனக்கு மானம் போய்விடும்.

விஷயம் இதுதான். கொஞ்ச நாளாகக் கார் எடுக்கும்போதெல்லாம் முன்கண்ணாடி மங்கியிருக்கிறது என்கிறார். துடைக்கிறார், வைப்பர் போடுகிறார், ஏசியைக் கூட்டுகிறார், குறைக்கிறார், அப்புறம் காரைத் திட்டுகிறார். மங்கல் போக எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும்? டிசம்பரில் ஆன்-லோர் வருகிறாள். மகளை அழைத்துவர வழக்கம்போலச் சென்னை விமான நிலையத்துக்கு நானே ஓட்டிப் போவேன் என்கிறார். அதற்குள் இதற்கு ஒரு வழி செய்தாக வேண்டும்.

உன் பதிலுக்குத் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கும்
உன் அக்கா ரோசலி

சார்செல், பிரான்ஸ்
23 ஜூன் 2024

அன்புள்ள அக்கா,

இங்கே நான் சுகம். முழங்காலும் ஏதோ நடக்கிறது. உன் கையெழுத்தைப் பார்த்து எத்தனை காலமாயிற்று! உறையைப் பிரிக்கும் முன்பே அழுகை வந்துவிட்டது. யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்துவிட்டேன். உள்ளே பார்த்தால் ஏசி!

கேட்டுக்கொள். விசிறி மாதிரி ஒரு கண்ணாடிப் படமும் அதன்மேல் நெளிகிற அம்புகளும் போட்ட பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் காற்று முன்கண்ணாடிக்குப் போகும். ஏசியும் ஓட வேண்டும். காருக்குள்ளேயே ஒரு அம்பு வளைந்து சுற்றுகிற மாதிரி படம் போட்ட பொத்தானை அணைத்துவிடு, வெளிக்காற்று வரட்டும். மங்கல் வெளிப்பக்கம் என்றால் வைப்பர் போதும். ஸ்டீயரிங்குக்கு வலப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிற தண்டுதான் வைப்பர். இடப்பக்கம் இண்டிகேட்டர்.

அத்தானுக்குத் தெரியாத பொத்தானா அக்கா? பாலைவனத்தில் லாரியைப் பிரித்து மாட்டியவர் ஆயிற்றே. இருந்தாலும் நீ கேட்டதில் எனக்குச் சந்தோஷம். நம் வீட்டில் என்னை யாரும் எதுவும் கேட்டதில்லை.

அத்தானுக்கு என் வணக்கம், உனக்கு முத்தம்.
உன் தம்பி ஆர்மான்

தருமபுரம்
16 ஜூலை 2024

அன்புத் தம்பி,

கடிதம் கிடைத்தது, எல்லாரும் சௌக்கியம். மாங்கனித் திருவிழாக் கூட்டத்தில் ஊர் இன்னும் மூச்சு வாங்குகிறது.

உன் அத்தான் மத்தியானம் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, நான் கொட்டகைக்குப் போய்க் காரில் உட்கார்ந்து உன் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். கண்ணாடிப் படம் கிடைத்தது. அம்பு கிடைத்தது. வலப்பக்கத் தண்டை ஆட்டினேன், வைப்பர் அசையவே இல்லை. எதிர்வீட்டு குஞ்சிதபாதம் வாசலில் நின்று என்னையே பார்க்கிறார். அப்புறம்தான் தெரிந்தது, மனுஷனைப் பார்த்து நான் விளக்கால் கண் சிமிட்டிக்கொண்டிருக்கிறேன்! இங்கே வலப்பக்கம் இண்டிகேட்டர், இடப்பக்கம் வைப்பர். இந்த வயதில் எனக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தது நீதான்.

மறுநாள் அவர் ஓட்டும்போது, நீ சொன்னபடியே எல்லாம் செய்தேன். கண்ணாடி பளிச்சென்று இருந்தது. எதிரே வந்த பஸ்ஸின் பெயர்ப்பலகை கூட எனக்குத் தெரிந்தது. அவர் மட்டும், "இன்னும் மங்கலாத்தான் இருக்கு ரோசலி" என்றார். வேறு ஏதாவது வழி இருந்தால் எழுது.

கடிதம் வீட்டுக்கு வந்தால் அவர் பார்த்துவிடுவாரோ என்று கவலைப்படாதே. சாப்பாட்டு மேசைமேல் திறந்தே கிடக்கிறது. அவர் தொடுவதில்லை.

முழங்காலைப் பார்த்துக்கொள்.
அக்கா ரோசலி

சார்செல்
5 ஆகஸ்ட் 2024

அன்பு அக்கா,

குஞ்சிதபாதம் அண்ணனிடம் என் மன்னிப்பைச் சொல்லிவிடு. நான் இங்கத்திய காரை மனதில் வைத்துக்கொண்டு எழுதிவிட்டேன். இங்கே எல்லாமே உங்களுக்கு எதிர்ப்பக்கம். இத்தனை வருஷத்தில் என் கைக்கு நம் ஊர் மறந்துவிட்டது.

கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருக்கும். அதில் எதிர்வெயில் பட்டால் மங்கலாகத் தெரியும். தண்ணீரில் கொஞ்சம் வினிகர் விட்டு, பழைய செய்தித்தாளால் துடை. வைப்பர் ரப்பரையும் மாற்றச் சொல். கடல்காற்றில் அது சீக்கிரம் வெடித்துவிடும்.

நீயே ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறாயோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அப்படியென்றால் சொல்லிவிடு. அடுத்த தடவை நான் வரும்போது பின்னால் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டு வருவேன்.

அத்தான் ஏன் என் கடிதத்தைப் படிப்பதில்லை? என்மேல் கோபமா?

உன் தம்பி ஆர்மான்

தருமபுரம்
27 ஆகஸ்ட் 2024

அன்புத் தம்பிக்கு,

மாதா திருவிழா கொடியேறப்போகிறது. உனக்காகவும் ஒரு மெழுகுவத்தி ஏற்றுகிறேன். சுகத்துக்குக் குறைவில்லை.

வினிகர், செய்தித்தாள், புது ரப்பர் எல்லாம் ஆயிற்று. கண்ணாடி இருப்பதே தெரியாமல் ஒரு காக்கை வந்து முட்டிவிட்டுப் போயிற்று. உன் அத்தானுக்கு மட்டும் மங்கல் போகவில்லை. மெக்கானிக் அஜ்மீரைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்தப் பிள்ளை கண்ணாடியைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, "நல்லாத்தானே இருக்கு சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது.

இன்னொன்று கேட்க வேண்டும். போன ஞாயிறு மீன் வாங்கத் திருவேட்டக்குடி போனபோது ஒரு கன்றுக்குட்டி குறுக்கே பாய்ந்தது. நான் வலது கையால் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்துவிட்டேன். கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. கன்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓடுகிற காரில் அப்படி இழுக்கலாமா? எதுவும் அறுந்துவிடாதே? இனிமேலும் தேவைப்பட்டால் என்ன செய்ய என்று தெரிந்து வைத்துக்கொள்கிறேன்.

அவருக்கு உன்மேல் கோபமெல்லாம் இல்லை. படிப்பதில் ஆர்வம் போய்விட்டது, அவ்வளவுதான்.

உன் அக்கா ரோசலி

சார்செல்
15 செப்டம்பர் 2024

அக்கா,

இன்று காலை என் காரை மேட்டில் நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். இழுத்த கை அப்படியே நின்றுவிட்டது. என் வலது கை. இங்கே ஸ்டீயரிங் இடப்பக்கம், அதனால் ஓட்டுகிறவனின் வலது கைக்குத்தான் பிரேக். அதனால்தான் உன் கடிதத்தை முதலில் படித்தபோது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. காரைக்காலில் ஓட்டுகிறவர் வலப்பக்கம் உட்கார்கிறார். பிரேக் அவருடைய இடது கைக்கு. அதை வலது கையால் இழுக்க முடிந்தவர் பக்கத்து இருக்கைக்காரர் மட்டும்தான்.

ஓட்டியது அத்தான். கன்றைப் பார்த்தது நீ.

அப்புறம் எல்லாம் வரிசையாக வந்து நின்றது. ஃபோன் வாய்விட்டுப் படிக்கிறது. கடிதம் மேசையில் திறந்தே கிடக்கிறது. வீட்டுக்கு வரும் தபாலைத் தானே முதலில் பிரிக்கிற மனுஷன் தொடுவதில்லை. மங்கல் கண்ணாடியில் இல்லை அக்கா. உனக்கும் அது தெரியும். எனக்கு எழுதும் முன்பே தெரியும்.

பதினெட்டு டன் பஸ்ஸை நான் தினமும் ஓட்டுகிறேன். ஒரு விநாடி கண் தப்பினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இன்று அது கன்றுக்குட்டி. நாளைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வருகிற ஒரு பிள்ளையாக இருந்தால்? உன்மேல் எனக்கு இவ்வளவு கோபம் வந்ததே இல்லை. ஃபோனில் கூப்பிட்டேன், அத்தான்தான் எடுத்தார், அதனால் இங்கேயே எழுதுகிறேன்: காரை எடுக்க விடாதே. அத்தான் கேட்டால், ராசிபலன் சரியில்லை என்று ஏதாவது சொல்லிச் சமாளி.

சென்னைப் பேச்சை இத்தோடு விடு. நீயே ஆன்-லோரிடம் சொல்லு. இல்லையென்றால் நான் சொல்வேன்.

ஆர்மான்

சார்செல்
20 அக்டோபர் 2024

அக்கா,

சுகமா? போன கடிதத்தில் சுகம்கூடக் கேட்கவில்லை. அது என்னை அரித்துக்கொண்டே இருக்கிறது.

உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. எப்போது கூப்பிட்டாலும் அத்தான்தான் எடுக்கிறார். "அக்கா எங்க?" என்றால் "நவநாளுக்குப் போயிருக்கா மாப்ளே, இப்பல்லாம் உன் அக்காவுக்குப் பக்தி முத்திப்போச்சு" என்கிறார். குரலில் ஒரு குறையும் இல்லை, சிரிக்கிறார். அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகு ஆன்-லோரிடம் எப்படிச் சொல்வது? இன்னும் சொல்லவில்லை.

திட்டியாவது இரண்டு வரி எழுது.

உன் தம்பி ஆர்மான்

தருமபுரம்
6 நவம்பர் 2024

என் அன்புத் தம்பி ஆர்மான்,

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. நாங்கள் உயிரோடு, சுகமாக இருக்கிறோம். மழை பிடித்துக்கொண்டது. அரசலாறு கரை தொட்டு ஓடுகிறது.

கோபத்தில் எழுதாமல் இருக்கவில்லை. நீ எழுதியதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை, அதனால்தான் பதில் எழுத வரவில்லை. மாசி மாதம் பாண்டிச்சேரிக்குக் கண் காட்டப் போனோம். கண்ணுக்குள் நீர் அழுத்தம் கூடி நரம்பு காய்ந்துவிட்டது, போனது திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். வெளியே வந்ததும் உன் அத்தான், "சின்னப் பய, மெஷினை நம்பிப் பேசுறான்" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை வீட்டில் எடுக்கவில்லை. அப்புறம்தான் காரின் கண்ணாடி மங்க ஆரம்பித்தது.

உங்களுக்குக் கண் தெரியவில்லை என்று நான் அவரிடம் சொன்னதே இல்லை. அவரும் என்னிடம் சொன்னதில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து, "கொஞ்சம் இடது, நேரே போங்க, மாடு, நில்லுங்க" என்பேன். அவர் ஓட்டுவார். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குக் கிழவனும் கிழவியும் சண்டை போட்டுக்கொண்டு போகிற மாதிரி இருக்கும். நீ எழுதிய பொத்தான்களையெல்லாம் அழுத்தினேனே, ஒன்றாவது வேலை செய்யாதா என்றுதான் அழுத்தினேன். கண்ணாடியாகவே இருந்துவிடட்டும் தாயே என்று வேண்டிக்கொண்டு அழுத்தினேன்.

உன் கடிதம் வந்த அன்று கொட்டகைக்குப் போய் பேட்டரி ஒயரைக் கழற்றி வைத்துவிட்டேன். "பேட்டரி செத்துப்போச்சு போலிருக்குங்க" என்றேன். அவர் பானெட்டைத் தூக்கி, கையால் தடவிப் பார்த்து, ஒயரை மாட்டி இறுக்கினார். "லூசா இருந்துச்சு" என்றார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவரே ஊருக்குள் எடுப்பதில்லை. ஞாயிறு விடிந்ததும், ரோட்டில் ஆள் நடமாட்டம் வரும் முன், திருவேட்டக்குடிக்கு மட்டும் மாட்டுவண்டி வேகத்தில் போகிறோம். அதுவும் தப்புதான், தெரியும். அதையும் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை.

நவநாள் என்று நான் போவது கோயிலுக்கு இல்லை. திரிபுரசுந்தரி என்று ஒரு பெண் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறாள், அங்கே. மாதாவின் பெயரைச் சொல்லிப் போய் கிளட்ச் மிதிக்கிறேன். முதல் வாரம் ஒரு இளநீர்க் கடையை இடிக்கப் பார்த்தேன். இப்போது பரவாயில்லை, லைசென்ஸும் வந்துவிட்டது. ஆனால் "நான் ஓட்டுறேன், நீங்க தள்ளி உக்காருங்க" என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எத்தனையோ தடவை சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்துவிட்டு ரசத்தைப் பற்றிப் பேசி முடித்திருக்கிறேன். டிசம்பர் கிட்டே வருகிறது. என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

கோபம் தணிந்திருந்தால் ஒரு வார்த்தை எழுது.
அக்கா ரோசலி

சார்செல்
22 நவம்பர் 2024

என் அக்காவுக்கு ஆயிரம் முத்தம்.

உன் கடிதத்தை டிப்போவில் உட்கார்ந்து படித்தேன். கூட வேலை செய்கிறவர்கள் என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். என் அக்கா லைசென்ஸ் வாங்கிவிட்டாள் என்றேன். எதற்கு அழுகிறாய் என்றார்கள். அவர்களுக்கு எப்படிச் சொல்வது?

மழைக்காலம், இதை மட்டும் மனதில் வை. சக்கரத்தில் காற்று போனால் பிரேக்கை ஓங்கி மிதிக்காதே. ஸ்டீயரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மெதுவாக ஓரம் கட்டு. சிவப்பு முக்கோணம் போட்ட பொத்தானை அழுத்தினால் நான்கு விளக்கும் சேர்ந்து மின்னும். மற்ற சக்கரத்துக்குக் கல் அண்டை கொடு. நட்டுகளை ஜாக்கி ஏற்றும் முன்பே தளர்த்திவிட வேண்டும், தூக்கிய பிறகு தளர்த்தினால் சக்கரம் சுற்றும். தண்ணீர் தேங்கிய இடத்தில் வண்டி நின்றுவிட்டால் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் பண்ணாதே, ஆள் வைத்துத் தள்ளு.

அத்தானிடம் எப்படிச் சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை. அதற்கு ஒரு பொத்தான் இருந்தால் எழுதியிருப்பேன். ஆனால் சொல்லிவிடு, அக்கா.

உன் ஆர்மான்

தருமபுரம்
9 டிசம்பர் 2024

அன்பே உருவான தம்பிக்கு,

நாங்கள் இருவரும் சுகம். இதை இன்று மனதறிந்து எழுதுகிறேன்.

ஆன்-லோர் இந்நேரம் உன்னிடம் சொல்லியிருப்பாள். அப்பா அவளைச் சென்னையிலிருந்து ரயிலேறி வரச் சொல்லிவிட்டார். காரைக்கால் ரயிலடிக்கு அம்மா காரோடு வருவாள் என்றும் சொல்லிவிட்டார். கண்ணைப் பற்றியும் அவரே சொன்னார், ஒளிக்கவில்லை. அவள் அழுதாள், இவர் அதட்டினார். அது எப்படி நடந்தது என்பதை உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

நேற்று ஞாயிறு. கோட்டுச்சேரி தாண்டியிருப்போம். விடிந்தும் விடியாத வெளிச்சம், தூறல். "ஸ்டீயரிங் உன் பக்கமா இழுக்குது, முன்னாடி காத்து போயிடுச்சு" என்றார். நான் கட்டைவிரலளவு ஆணியைப் பார்த்தது இறங்கிய பிறகுதான். அவரே ஓரம் கட்டினார், அவரே முக்கோணப் பொத்தானை அழுத்தினார். நான் எல்லாம் படித்து வைத்திருக்கிறேனே, உதவலாம் என்று போனால், "நீ குடை மட்டும் புடி" என்றார்.

தம்பி, நீ அதைப் பார்த்திருக்க வேண்டும். டிக்கியில் கையை விட்டார், ஜாக்கி கைக்கு வந்தது. காரின் அடியில் விரலால் தடவி, அதை வைக்க வேண்டிய பள்ளத்தைக் கண்டுபிடித்தார். நட்டுகளைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். மீன் வாங்கப் போய்க்கொண்டிருந்த நம் தெரு முகைதீன் பிச்சை வண்டியை நிறுத்தி, "நான் மாட்டித் தரவா ஐயா?" என்று கேட்டான். "வேணாம் தம்பி, முடிஞ்சுது" என்றார். நிஜமாகவே முடிந்திருந்தது. ஸ்டெப்னியை மாட்டிவிட்டுச் சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டினார். இதற்கெல்லாம் அவருக்குக் கண்ணே தேவைப்படவில்லை. எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. ஆனால் இவ்வளவு தெரிந்தவரிடம் போய் நான் எப்படி அதைச் சொல்வேன்?

கையைத் துடைத்துக்கொண்டு, காரின் உடம்பைத் தொட்டுக்கொண்டே நடந்து, இடப்பக்கக் கதவைத் திறந்தார். கண் தெரியாமல் பக்கம் மாறிவிட்டார் என்று நினைத்தேன்.

"அது என் பக்கங்க" என்றேன்.

"தெரியும். நீ அந்தாண்ட போ. சாவி அதுலயே இருக்கு."

நான் குடையை மடக்கினேன். அவர் உள்ளே உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

"நான் கியர் மாத்துறப்பெல்லாம் உன் கால் தரையை மிதிக்குது ரோசலி. எனக்குக் கேக்குது. எந்த நவநாள்ல கிளட்ச்சு மிதிக்கச் சொல்லித் தர்றாங்க?" என்றார். நான் வாயைத் திறக்கும் முன், "நீயே கேப்பேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். கேக்க மாட்டேன்ட்டே. நல்லவேளை, நீ கேட்டிருந்தா நான் வீம்புக்குக் குடுத்திருக்க மாட்டேன்" என்றார். அப்புறம், "போன வாரம் ஒரு புள்ள சிரிச்ச சத்தம் வண்டிக்கு ரொம்பப் பக்கத்துல கேட்டுச்சு. நீ பாக்கவே இல்ல. எனக்கு அன்னியிலேருந்து தூக்கம் இல்ல" என்றார்.

நான் வலப்பக்கம் போய் உட்கார்ந்தேன். சாவியைத் தொட்டேன். ஆனால் திருகவில்லை. அவர் கால் நீளம் உனக்குத் தெரியும். வாங்கிய நாளிலிருந்து அந்த இருக்கை அவர் அளவுக்கே பின்னால் தள்ளிக் கிடந்தது. என் கால் கிளட்ச்சுக்கு எட்டவில்லை. இவ்வளவையும் கொடுத்துவிட்ட மனுஷனிடம் இதையும் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இன்ஜின் சத்தம் வராததைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் புரிந்துகொண்டார். பெல்ட்டைக் கழற்றிவிட்டு என் பக்கம் குனிந்து, காலுக்கடியில் கையைவிட்டுத் துழாவி, இருக்கைக்குக் கீழே இருந்த கம்பியைத் தூக்கினார். துருப்பிடித்து அசைய மறுத்தது. இன்னொரு கையால் இருக்கையின் முதுகைப் பிடித்துத் தள்ளினார். ஒரு பல் நகர்ந்தது.

"எட்டுதா?" என்றார்.

"இல்லீங்க."

மறுபடி தள்ளினார். "இப்ப?"

"இன்னும் கொஞ்சம்."

மூச்சு வாங்க முழுவதும் முன்னால் தள்ளினார்.

"எட்டுதா ரோசலி?"

"எட்டுதுங்க" என்றேன்.

கம்பியை விட்டார். இருக்கை பூட்டிக்கொண்டது.

உன் அக்கா
ரோசலி